மூன்றாவது கூண்டு

தீவு, ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இடது குதிகாலில் ஒரு முள் ஏறியிருக்கிறது, மற்றபடி உடம்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? வாண்டு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, இல்லை தட்டைத் தூக்கிக்கொண்டு உன்னைப் பின்னாலேயே ஓட விடுகிறாளா?

இங்கே டவர் கிடையாது, படகும் வாரத்துக்கு ஒன்றுதான். அதனால் இனி கடிதத்தையும் மாதிரிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். பெட்டி எப்படியும் உன் ஆய்வக மேசைக்குத்தான் வரப்போகிறது. மேலே என் கடிதம், கீழே நாற்பது குழாய் மான் புழுக்கை. எந்தத் தங்கையும் அக்காவுக்கு இப்படி ஒரு பரிசு அனுப்பியிருக்க மாட்டாள்.

அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது இந்தக் குன்று தீவாகிவிட்டது, மேய வந்த மான்கள் மாட்டிக்கொண்டன என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? அன்றிலிருந்து வெளி ரத்தமே இல்லை. எல்லாம் சொந்தத்துக்குள்ளேயே. இப்போது பிறக்கிற குட்டிகளில் பாதிக்குக் கால் வளைந்திருக்கிறது, ஆண்களின் கொம்பு தேய்ந்த பென்சில் மாதிரி இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று உன் இயந்திரம்தான் சொல்ல வேண்டும்.

போன வாரம் ஒரு பெண் குட்டி கண்ணில் பட்டது. நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி, அதனால் பொட்டு என்று பெயர். கிழிகாது என்று நாங்கள் கூப்பிடுகிற பெண் மானின் குட்டி. அது பொட்டை நக்கி நக்கி ரோமத்தையே கரைத்துவிடும் போலிருக்கிறது.

ஒரு நல்ல சேதி. ஜூன் முதல் எதிர்க்கரை ஆய்வு நிலையத்தில் எனக்கு நிரந்தர வேலை. வீடு தருகிறார்கள், பக்கத்திலேயே பள்ளி. வாண்டுவின் அப்பா எங்களை விட்டுப் போனபோது ஆறே மாசம் என்று சொல்லி நாலு வயசுப் பிள்ளையை உன் மடியில் போட்டுவிட்டு வந்தேன், ரெண்டு வருஷம் ஓடிவிட்டது. ஜூனில் அவளைக் கூட்டிக்கொள்கிறேன். உனக்கும் பாரம் குறையும்.

உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. சின்ன வயசிலிருந்தே நீ எதையும் கேட்க மாட்டாய். கேட்டால் வாயிலிருந்து முத்து கொட்டிவிடுமா?

வாண்டுவுக்கு என் முத்தம்.
உன் தங்கை


ஜனவரி 21

அன்புத் தங்கைக்கு,

முள்ளை எடுத்தாயா? எடுத்திருக்க மாட்டாய். ஊசியை நெருப்பில் காட்டி எடு. என் முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது.

பெட்டி வந்தது. இரண்டு குழாய்களின் மூடி சரியாக இறுகவில்லை. உன் கடிதம் முழுக்க ஸ்பிரிட் வாடை. மத்தியானம் அதை முகத்துக்கு நேரே வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன், அடுத்த மேசைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

வாண்டுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உனக்குக் காட்ட வேண்டும் என்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். மானுக்கும் பல் விழுமா, விழுந்தால் எங்கே வைத்துக்கொள்ளும் என்று கேட்கிறாள். நடைவழியில் கயிறு தாண்டிக் குதிக்கிறாள், கீழ்வீட்டுக்காரர் தன் தலையில் சுண்ணாம்பு உதிர்கிறது என்று வந்து நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் இன்னும் நாலு முறை குதித்துக் காட்டினாள்.

ஜூன் பற்றி எழுதியிருந்தாய். நல்லது. மாற்றுச் சான்றிதழுக்குப் பள்ளியில் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டுமாம். சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எதுவும் வேண்டாம். மூடியை இறுக்கி மூடு, போதும்.
அக்கா


தீவு, பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

முள்ளை எடுத்துவிட்டேன், திட்டாதே. இரண்டு நாள் காற்றில் தொண்டை கட்டிக்கொண்டது, இப்போது பரவாயில்லை. நீயும் வாண்டுவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். தினமும் நினைத்துக்கொள்கிறேன், வேறு என்ன வேலை.

திட்டம் முடிவாகிவிட்டது. எதிர்க்கரையில் உள்ள காட்டிலும் இப்படி ஒரு சின்னக் கூட்டம் தனியாகத் தவிக்கிறது. அதைச் சுற்றி நெடுஞ்சாலையும் ஊரும். இங்கிருந்து சிலதை அங்கே, அங்கிருந்து சிலதை இங்கே மாற்றினால் இரண்டு பக்கமும் புது ரத்தம் சேரும். முதல் நடையில் ஒரு தாயும் அதன் குட்டியும் போக வேண்டும். தாயையும் குட்டியையும் பிரிக்கக் கூடாது என்பது விதி. படகில் இரண்டு கூண்டுக்குத்தான் இடம்.

எங்கள் திட்டத் தலைவர் எதைக் கேட்டாலும் காதிலிருந்து பென்சிலை எடுப்பவர். இந்தத் தீவில் மற்றவற்றிடம் இல்லாத அம்சம் எந்த மானின் ரத்தத்தில் இருக்கிறதோ அதுதான் போக வேண்டும் என்கிறார். அவர் கண் வெள்ளைக்கால் என்ற பெண் மான் மேல். இளசு, முதல் பிரசவம், எலும்பும் தோலுமாக இருக்கிறது. அதன் குட்டியை நாங்கள் பார்க்கவே இல்லை, புல்லுக்குள்ளேயே செத்திருக்கும். கூட அனுப்பக் குட்டி எங்கே என்று கேட்டால் பென்சிலை எடுக்கிறார்.

நீ குட்டிகளுக்கு அப்பா யார் என்று மட்டும் பார்த்தால் போதும். தாய் விஷயத்தில் உனக்கு வேலையே இல்லை. எது எதனிடம் பால் குடிக்கிறது என்று புதருக்குள் படுத்துக் கிடந்து என் கண்ணால் பார்த்துத்தான் தாய் பெயர் எழுதியிருக்கிறேன்.

எதிர்க்கரை வீட்டைப் போய்ப் பார்த்தேன். ஜன்னலில் நின்றால் தண்ணீர் தெரிகிறது. வாண்டு அங்கே நின்று என்னிடம் ஓயாமல் கேள்வி கேட்பதாக நினைத்துப் பார்த்தேன். அவள் குரல் இப்போது எப்படி இருக்கும் என்று சட்டென்று ஞாபகம் வரவில்லை அக்கா. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

உன் தங்கை


மார்ச் 17

அன்புத் தங்கைக்கு,

தொண்டை சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. வாண்டுவுக்குக் காய்ச்சல். பயப்படாதே, இப்போது முழுக்கத் தேறிவிட்டாள், நேற்றிலிருந்து மறுபடியும் கயிறு. காய்ச்சலில் உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

முடிவுகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். உங்கள் தலைவர் நினைத்தது சரிதான். மற்ற மான்களிடம் இல்லாத சிலது வெள்ளைக்காலிடம் இருக்கிறது. கிழிகாதுக்கோ தீவில் பாதிக்கு மேல் நெருங்கிய சொந்தம்.

பொட்டின் மாதிரியை மட்டும் இன்னொரு தடவை அனுப்பு. கிழிகாது, வெள்ளைக்கால் இரண்டினதும் வேண்டும். குழாய் மாறியிருக்கலாம்.

பள்ளியில் சொல்லிவிட்டேன்.
அக்கா


தீவு, மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், கோபம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு மாசத்துக்கு மேல் ஒரு வரி கூட இல்லை. ஒவ்வொரு படகுக்கும் துறையில் போய் நின்றேன். படகுக்காரர் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிடுவார். அந்த மனுஷருக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும்.

குழாய் எல்லாம் மாறவில்லை. என் கையால் ஒட்டிய சீட்டு. ஆனாலும் நீ கேட்டாய் என்று மூன்றினுடையதும் புதிதாக எடுத்து வைத்திருக்கிறேன். மூடியையும் இறுக்கியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

இன்னொன்று. பொய் எழுதினால் உன் எழுத்து வலது பக்கம் சாயும். அம்மாவுக்குத் தெரியாமல் நீ எனக்காக எழுதித் தந்த லீவு லெட்டர் எல்லாமே அப்படித்தான் சாய்ந்து கிடக்கும். ‘உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள்’ என்ற வரி சறுக்கி விழுந்து கிடக்கிறது அக்கா.

லீவு கிடைத்திருக்கிறது. அடுத்த மாசம் முதல் வாரம் வருகிறேன். வாண்டுவிடம் சொல்லாதே, பள்ளி வாசலில் போய் நிற்கப் போகிறேன்.

உன் தங்கை


தீவு, ஏப்ரல் 14

அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாடு இரண்டு வேளைக்கு வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

பள்ளி வாசலில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. வாண்டு என்னைப் பார்த்ததும் நின்றாள். பிறகு சிரித்தாள். ‘வாங்க’ என்றாள். வீட்டுக்கு வருகிற யாரோ ஒருவரைச் சொல்கிற மாதிரி, அவ்வளவு மரியாதையாக. பையை என்னிடம் கொடுத்தாள். தெருமுனையில் நீ நின்றிருந்தாய், கையை உன்னிடம் கொடுத்தாள்.

பல்லைக் காட்டினாள், பாட்டெல்லாம் பாடினாள், என் பக்கத்தில்தான் படுத்தாள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கடைசி நாள் காலையில் குளியலறையிலிருந்து ‘அம்மா, துண்டு’ என்று கத்தினாள். நான் எழுந்தேன். நீயும் எழுந்தாய். என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாய். துண்டோடு போய் நின்றேன். என்னைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, ‘பெரியம்மா இல்லையா?’ என்றாள்.

எத்தனை நாளாக உன்னை அம்மா என்று கூப்பிடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் ரெண்டு பேரும் பஸ் நேரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

பொட்டு விஷயம் என்ன ஆயிற்று? அங்கே இருந்தபோது கேட்டேன், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போனாய். அடுப்பு அணைந்திருந்தது. தலைவர் தினமும் கேட்கிறார்.

தங்கை


ஏப்ரல் 29

அன்புத் தங்கைக்கு,

நீ நல்லபடி போய்ச் சேர்ந்ததில் நிம்மதி. நாங்கள் இருவரும் நலம்.

குழாய் மாறவில்லை. முதல் தடவையும் மாறியிருக்கவில்லை.

மரபணுவில் நாங்கள் பார்க்கிற ஒவ்வொரு இடத்திலும் குட்டிக்கு இரண்டு பங்கு இருக்கும். ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. ஓரிடத்தில் பொருந்தாவிட்டால் பிசகு என்று விட்டுவிடலாம். பொட்டுக்கும் கிழிகாதுக்கும் ஏழு இடங்களில் பொருந்தவில்லை. வெள்ளைக்காலோடு எல்லா இடத்திலும் பொருந்துகிறது. பொட்டு வெள்ளைக்காலின் குட்டி. அது பெற்றுப் புல்லில் விட்டிருக்கிறது, தன் குட்டியை இழந்த கிழிகாது அதைக் கண்டுபிடித்துப் பால் கொடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நீ கண்ணால் பார்த்தது பொய்யில்லை. பால் கொடுத்ததைத்தான் பார்த்தாய்.

பிப்ரவரி கடைசியிலேயே எனக்குத் தெரியும். எழுத மனசு வரவில்லை. தாளை எடுப்பேன், ‘பெற்றது இது, வளர்ப்பது அது’ என்று எழுத வேண்டியிருக்கும், மடித்து வைத்துவிடுவேன்.

விதிப்படி பொட்டு வெள்ளைக்காலோடுதான் போக வேண்டும். அதுதான் சரி. அதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

வாண்டு என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது போன வருஷம் மழைக்காலத்தில். நான் சொல்லித் தரவில்லை. முதல் தடவை திருத்தினேன். இரண்டாம் தடவை தூக்கக் கலக்கத்தில் கூப்பிட்டாள், விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு திருத்த வாய் வரவில்லை.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.
அக்கா


தீவு, மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். தூக்கம் குறைவு. உன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன், வியர்வையில் மடிப்புக் கிழியத் தொடங்கிவிட்டது.

பயணத்துக்கு முன்னால் பழகட்டும் என்று வெள்ளைக்காலையும் பொட்டையும் மரக்கட்டை வேலிக்குள் ஒன்றாக விட்டோம். வெள்ளைக்கால் பொல்லாதது இல்லை. உதைக்கவில்லை, விரட்டவில்லை. பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. கிட்டே போனது, முகர்ந்தது, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிவிட்டது. மடியிலும் பால் இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. பொட்டு வேலியோரமே நின்று கத்தியது. நாங்கள் நீட்டிய பால் புட்டியைத் தொடவில்லை.

கிழிகாது வேலியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு தடமே போட்டுவிட்டது. சாயங்காலம் பார்த்தால் வேலியோடு ஒட்டி விலாவை அழுத்திக்கொண்டு நிற்கிறது, கட்டை இடுக்கில் தலையை நுழைத்துப் பொட்டு பால் குடிக்கிறது.

தலைவரிடம் போய் மூன்றாவது கூண்டு வேண்டும் என்றேன்.

“எதுக்கு?”

“கிழிகாதையும் அனுப்பணும்.”

பென்சிலை எடுத்தார். “அதோட ரத்தம் இங்க பாதிக்கு மேல இருக்கும்மா. அங்க போய் என்ன லாபம்? கணக்குல அதுக்கு இடமே இல்லையே.”

“கணக்குக்கு லாபம் இல்ல சார். குட்டிக்கு இருக்கு. குட்டி செத்துட்டா அப்புறம் வெள்ளைக்கால் ரத்தத்தை வச்சு என்ன பண்ணுவீங்க?”

பென்சிலைத் திரும்பக் காதிலேயே செருகினார். பிறகு படகுக்காரரைக் கூப்பிட்டு, தாங்குமா என்று கேட்டார். அவர் கூண்டைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், அவருடைய பெட்டியைப் பார்த்தார். “சார் பெட்டியோட இறங்கிக்கிட்டா தாங்கும்” என்றார்.

வேறு எழுதத் தோன்றவில்லை. வாண்டுவைக் கொண்டுவந்து விட உனக்கு எப்போது தோதுப்படும்?

உன் தங்கை


மே 18

அன்புத் தங்கைக்கு,

தூங்கு. முதலில் தூங்கு.

பள்ளி முடிந்துவிட்டது. ஜூன் பத்தாம் தேதி கூட்டிக்கொண்டு வருகிறேன். துணி, புத்தகம், தீப்பெட்டி எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. சிலதை மட்டும் தெரிந்துகொள். நடைவழி விளக்கை அணைத்தால் தூங்க மாட்டாள். ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வைப்பாள், வேண்டாம் என்று எறிந்துவிடாதே, கடைசியில் தின்பதற்காக வைப்பது. தலை வாரும்போது கதை வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது. கோபம் வந்தால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். கூப்பிடாதே. பக்கத்தில் தரையில் சும்மா உட்கார்ந்திரு, கொஞ்ச நேரத்தில் ஒரு கை வெளியே வரும்.

‘அங்க நீ எங்க படுப்ப?’ என்று கேட்டாள். பெரியம்மாவுக்கு ஆய்வகத்தில் வேலை இருக்கிறது என்றேன்.

நான் அன்று மாலை பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். உன் மான்களின் குழாய்களே இன்னும் நிறையக் கிடக்கின்றன. என்னைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. எனக்குச் சந்தோஷம்தான்.

அக்கா


எதிர்க்கரை, மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நன்றாகத் தூங்கினேன், நீ சொன்னாய் என்பதற்காக இல்லை, அசதி. உன் உடம்பைக் கேட்டால் இருக்கிற இடத்தில் இருக்கிறது என்பாய், அதனால் கேட்கவில்லை.

போன செவ்வாய் மூன்று கூண்டும் வந்து இறங்கின. முதலில் வெள்ளைக்காலைத் திறந்தோம். ஒரே பாய்ச்சல், மரங்களுக்குள் போய்விட்டது. அடுத்தது பொட்டு. வெளியே வந்து நாலடி வைத்து நின்றுவிட்டது. காடு முழுக்கத் திறந்து கிடக்கிறது, அது மூன்றாவது கூண்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கூண்டின் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது. கடைசியில் கல்லால் தட்டித் திறந்தேன். கிழிகாது ஓடவில்லை. வந்து பொட்டை மூக்கிலிருந்து வால் வரைக்கும் முகர்ந்தது. பிறகு தரையை முகர்ந்து, வெள்ளைக்கால் போன வழியிலேயே பொட்டைக் கூட்டிக்கொண்டு போனது.

நேற்று நீர்க்கரையில் மூன்றையும் ஒன்றாகப் பார்த்தேன். பொட்டு நடுவில் மேய்ந்தது.

அக்கா, உன் ‘எனக்குச் சந்தோஷம்தான்’ வலது பக்கம் எப்படிச் சாய்ந்திருந்தது தெரியுமா? தாளைத் திருப்பி வைத்துப் படிக்க வேண்டியிருந்தது.

இந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு அறை இருக்கிறது. பூட்டு துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டிருக்கிறேன். ஆய்வகத்தின் ஒரு மேசையையும் குளிர்பெட்டியையும் இந்த நிலையத்திலேயே போட்டால் என்ன செலவாகும் என்று தலைவர் பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டார். ஆள் கிடைத்தால் போதுமாம்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ கூட இருந்தால் அவள் என்னிடம் வரவே மாட்டாளோ என்று. நீ இல்லாவிட்டால் கட்டிலுக்கடியிலிருந்து கை வெளியே வரவே வராதோ என்றும்.

இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். பிறந்ததிலிருந்து கேட்கிறவள் நான், கொடுக்கிறவள் நீ. இந்த ஒரு தடவை நீ கேள்.

உன் தங்கை


ஜூன் 5

அன்புத் தங்கைக்கு,

இருவரும் நலம். முதுகு வலிக்கிறது. இரண்டு வருஷமாகவே வலிக்கிறது, அவளைத் தூக்கித் தூக்கி.

உன் கடிதத்தில் மான் வருகிற பக்கத்தை வாண்டுவுக்குப் படித்துக் காட்டினேன். “கிழிகாதும் போச்சா?” என்றாள். போனது என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு இந்த மாதிரி எழுதிப் பழக்கமில்லை. நாலு தாள் கிழித்தாகிவிட்டது. அவள் உன்னிடம் ஓடி வரக் கற்றுக்கொள்ளட்டும். அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். துண்டு கேட்டால் நீதான் எழுந்து போக வேண்டும், நான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் அந்தக் குரல் காதில் விழுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

உங்களோடு நானும் இருக்கட்டுமா?

இந்த வரி சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

அக்கா